கழுத்துப் பாரம்

இண்டூர்
20-1-1943

மாப்பிள்ளை பச்சியப்பனுக்கு மாமன் மாது எழுதுவது. மழையைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம். நீ இருக்கும் ஊரின் பெயரை எழுதக் கூடாதென்று சர்க்கார் சொல்லிவிட்டதால், பெயர் தெரியாத அந்த ஊரில் நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

பொங்கல் ஆயிற்று. உன் அக்கா உன் பங்கைத் தனியாக எடுத்து வைத்து, சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துவிட்டு, கடைசியில் எனக்கே போட்டாள். இரண்டு பங்கு சாப்பிட்ட தெம்பில் ஒரு சேதி எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. மாட்டை விற்றுவிட்டேன்.

தர்மபுரிக்கு வந்துகொண்டிருந்த சின்ன ரயிலைச் சண்டைக்காக நிறுத்தி, தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள் அல்லவா? இப்போது புளி, வேர்க்கடலை எதுவானாலும் மொரப்பூர் ஸ்டேஷன் வரை ரோட்டில்தான் போக வேண்டும். மாட்டு வண்டியில் போக ஒரு நாள், வர ஒரு நாள். யேர்க்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துத் துரை சீமைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு, அவருடைய சின்ன லாரியை வாங்கிவிட்டேன். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. அரை டன் வண்டி. சேலத்தில் ஒரு டிரைவரிடம் இரண்டு மாதம் பழகி லைசென்சும் வாங்கியாயிற்று.

பெட்ரோல் கூப்பனுக்குத்தான். அந்தப் பெட்ரோலில் தர்மபுரிக்குப் போனால் திரும்பி நடந்துதான் வர வேண்டும். அதனால் எல்லாரையும் போல நானும் கரிவாயு அடுப்பு வைத்துவிட்டேன். ஆள் உயர இரும்பு உருளை. வேலங்கரியைக் கொட்டி மூட்டி, விசிறியைச் சுற்றி அரை மணி நேரம் காத்திருந்தால் அந்தப் புகையில் என்ஜின் ஓடுகிறது. ஓடுகிறது என்பதுதான் முக்கியம், எப்படி என்று கேட்காதே.

இப்போது என் குறையைக் கேள். அந்த அடுப்பே மூன்று மூட்டை கனம். எட்டு மூட்டை புளி ஏற வேண்டிய வண்டியில் ஐந்துதான் ஏறுகிறது. ஆறாவதை வைத்தால் பின்பக்கம் உட்கார்ந்து டயர் உரசுகிறது. மாட்டு வண்டியில் பன்னிரண்டு மூட்டை ஏற்றியவன் நான். சந்தையில் என் வண்டிக்கு 'மாதுவின் பெட்டைக்கோழி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நீ சர்க்கார் லாரிகளையே பிரித்து மாட்டுகிறவன். இந்தக் கோழி பத்து மூட்டை சுமக்க ஒரு வழி சொல்லு.

உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்வதை அப்படியே எழுதச் சொல்கிறாள். எழுதுகிறேன்:

"தம்பி, உங்க மாமன் மாட்டக் குடுத்துட்டு அடுப்ப வாங்கியாந்திருக்காரு. வூட்ல நான் ஒரு அடுப்பு ஊதறது பத்தலையாம். வா, ஏறு, தர்மபுரி போலாம்ங்கறாரு. எனக்கு பயமா இருக்குது சாமி. அதுல ஏறுனா உசுரோட எறங்கலாமான்னு நீ எழுது. நீ ஏறலாம்னு சொன்னாத்தான் ஏறுவேன். வேளைக்குச் சாப்புடு."

உன் மாமன்,
மாது


ராணுவ மோட்டார் பட்டறை
8-3-1943

மாமாவுக்குக் கும்பிடு. உங்கள் பொங்கல் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நாற்பத்தாறு நாள். வழியில் யாரோ பிரித்துப் படித்து ஒட்டியிருக்கிறார்கள். பெட்டைக்கோழி சேதி தெரிந்து அவர்களும் சிரித்திருப்பார்கள். தர்மபுரித் தண்டவாளம் இதுவரை இந்தப் பக்கம் வரவில்லை. வந்தால் இரண்டை ஒளித்து வைக்கிறேன்.

இங்கே மணல்தான். சோற்றில் மணல், காதில் மணல், கார்புரேட்டரில் மணல். ஒரு நாளைக்கு ஒன்பது வண்டி பார்க்கிறோம். நான் சௌக்கியம்.

நீங்கள் கேட்டதற்கு வழி இருக்கிறது. இங்கே தினமும் செய்கிற வேலைதான். பின் சக்கரத்துக்கு மேலே ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கிறதே கமான் பட்டை, அதுதான் பாரத்தைத் தாங்குவது. உங்கள் வண்டியில் ஐந்தோ ஆறோ இருக்கும். பக்கத்துக்கு இரண்டு சேருங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய பெரிய லாரிப் பட்டை கிடைக்கும். அகலம் ஒத்துப்போகிறதாகப் பார்த்து வாங்கி, நீளத்தைக் குறைத்து அடியில் அடுக்க வேண்டும். முக்கியமான விஷயம்: உலையில் காய்ச்சி வளைக்கக் கூடாது. காய்ச்சினால் உரம் போய்விடும், பட்டை வெறும் தகடாகிவிடும். பச்சையாகவே சம்மட்டியால் தட்டி வளைக்கச் சொல்லுங்கள். பிடிக்கும் போல்ட்டுகளும் நீளமாகப் போட வேண்டும். பின் டயர் இரண்டும் நல்லதாக இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தால் ஒன்பது மூட்டை தைரியமாக ஏற்றலாம். பத்து என்று ஆசைப்பட வேண்டாம்.

கீழே இருப்பதை அக்காவுக்குப் படித்துக் காட்டவும்:

அக்கா, மாமா வண்டியில் பயப்படாமல் ஏறு. பட்டை உடையாது. அதற்கு நான் ஜவாப். உன் தம்பி நான் என் கையாலேயே இந்த வேலையை நானூறு வண்டிக்குச் செய்திருக்கிறேன், ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. நீ முன்னால் மாமா பக்கத்தில் ராணி மாதிரி உட்கார்ந்து போ. இளைத்துவிட்டேன் என்று நினைக்காதே, சட்டை பற்றவில்லை.

பச்சியப்பன்


இண்டூர்
2-5-1943

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்த அன்றே சேலத்துக்குக் கிளம்பிவிட்டேன். பட்டை கிடைத்தது. அதியமான்கோட்டைக் கொல்லர் சென்னப்பனிடம் கொண்டுபோனால், அவர் வழக்கம்போல உலையை மூட்டப் போனார். கடிதத்தை எடுத்துக் காட்டி, "பச்சையா அடிக்கணும்னு பட்டாளத்துலருந்து உத்தரவுங்க" என்றேன். "பட்டாளத்தான் வந்து சம்மட்டி புடிப்பானா?" என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு நாள் அடித்தார். இப்போது பார்க்க வேண்டும் வண்டியை. பின்பக்கம் நிமிர்ந்து நிற்கிறது. ஒன்பது மூட்டை ஏற்றினேன், அசையவில்லை. கோழி என்று சொன்னவன் எல்லாம் இப்போது தன் மூட்டையையும் எடுத்துப் போகச் சொல்லி வாசலில் நிற்கிறான்.

நீ சொன்னதோடு நானும் ஒரு வேலை சேர்த்திருக்கிறேன். எழுதினால் மெச்சுவாய். பட்டை பாரத்தைத் தாங்கினாலும் பெட்டியில் இடம் பற்றவில்லை. தச்சரை விட்டு, பெட்டியைப் பின்னால் மூன்று அடி நீட்டிவிட்டேன். கரியடுப்பையும் அந்தக் கடைசிக்கே தள்ளியாயிற்று. ஏன் பின்னால் என்றால், இருபது வருஷம் வண்டி ஓட்டினவனுக்கு அதைச் சொல்லியா தர வேண்டும்? பாரம் மாட்டின் கழுத்தில் இறங்கக் கூடாது. இந்த வண்டிக்கு மாடு எது? என்ஜின். அது முன்னால்தானே இருக்கிறது. பாவம், புகையைத் தின்று ஓடுகிற மாடு, அதன் கழுத்தில் நாம் வேறு அழுத்தலாமா? பாரத்தை எவ்வளவு பின்னுக்குத் தள்ளுகிறேனோ அவ்வளவு லேசாக ஓடுகிறது. முன்பெல்லாம் ஸ்டீயரிங்கைத் திருப்பித் தோள்பட்டை விட்டுப்போகும். இப்போது ஒற்றை விரலில் திரும்புகிறது. பொய்யில்லை, ஒற்றை விரல்!

உன் அக்கா உன் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். 'அதற்கு நான் ஜவாப்' என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் நிறுத்தச் சொல்லி இன்னொரு முறை கேட்டாள். பிறகு கடிதத்தை வாங்கித் தன் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள். அவள் சொல்வது:

"கண்ணு, நீ நல்லபடியா திரும்பி வரணும்னு ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்ல தலை முழுகி வெளக்கு வுடறேன்னு வேண்டியிருக்கறேன். மாடுந்தான் இல்ல, பஸ்ஸுல நிக்கவே எடமில்லியாம். நீ சொல்லிட்டே, அதனால இந்த அடுப்பு வண்டியிலயே போறேன். தெருவுல எல்லாரும் வராங்க. உங்க மாமன் என்னய ராணி மாதிரி முன்னால உக்கார வெச்சுத்தான் ஓட்டணும். அதயும் நீ எழுதியிருக்கறே, ஞாபகம் வெச்சுக்கச் சொல்லு."

ஞாபகம் வைத்திருக்கிறேன்.

மாது


ராணுவ மோட்டார் பட்டறை
21-6-1943

மாமாவுக்கு,

இந்தக் கடிதம் கையில் கிடைத்தவுடன் வண்டியை நிறுத்துங்கள். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

பின்னால் நீட்டியிருக்கும் மூன்று அடியை அறுத்துப் போட்டுவிடுங்கள். அடுப்பைப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். அதுவரை அந்த வண்டியில் ஒரு மூட்டைகூட ஏற்ற வேண்டாம், ஒரு ஆளும் ஏற வேண்டாம். அக்கா ஏறவே கூடாது.

ஸ்டீயரிங் ஒற்றை விரலில் திரும்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது வண்டி சுகமாக ஓடுகிற அடையாளம் இல்லை. முன் சக்கரம் மண்ணைப் பிடிக்கவில்லை, அதனால்தான் லேசாகத் திரும்புகிறது. பின் சக்கரத்துக்கு அப்பால் எவ்வளவு பாரம் வைக்கிறீர்களோ அவ்வளவுக்கு முன்பக்கம் தூக்கும். சக்கரம் திரும்பும், வண்டி திரும்பாது. பாரம் முழுவதும் பின் அச்சுக்கு முன்னாலேயே இருக்க வேண்டும். அது முன்னால் அழுத்தட்டும், அழுத்தத்தான் வேண்டும்.

உங்கள் கணக்குப்படியே சொல்கிறேன். முன் சக்கரம் மாடு இல்லை, மாமா. அது மூக்கணாங்கயிறு. கயிறு தொய்ந்தால் மாட்டுக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் வண்டி உங்கள் கையில் இருக்காது.

உங்கள் கடிதம் வந்தது நேற்று. நேற்றே ஆபீசரிடம் போய் ஊருக்கு ஒரு தந்தி கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் கடிதம் போடு என்றார். எப்படிச் சொல்வேன் அவரிடம்? எங்கள் ஊரில் ஒரு வண்டிக்கு மூன்று அடி பலகை அதிகமாக இருக்கிறது என்று சொன்னேன். சிரித்தார். அவர் மேல் தப்பில்லை.

விரலை விட்டு எண்ணிப் பார்த்துவிட்டேன். ஆடிப் பதினெட்டுக்கு நாற்பத்து மூன்று நாள் இருக்கிறது. உங்கள் கடிதங்கள் எனக்கு வர நாற்பத்தைந்து, ஐம்பது நாள் ஆகிறது. இதுவாவது சீக்கிரம் வர வேண்டும். நான் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அக்காவுக்குப் படித்துக் காட்டவும்: அக்கா, வேண்டுதலை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போடு. நான் அதற்குள் செத்துவிட மாட்டேன். வண்டியில் மட்டும் ஏறாதே.

பச்சியப்பன்


இண்டூர்
16-8-1943

மாப்பிள்ளை பச்சியப்பனுக்கு,

உன் கடிதம் ஆடி இருபத்து நாலாம் தேதி வந்து சேர்ந்தது. ஏழு நாள் முன்னால் வந்திருக்கலாம்.

உன் அக்கா போய்விட்டாள், அப்பா. ஆடிப் பதினெட்டு அன்று காலையில், ஒகேனக்கல் மலை இறக்கத்தில். இதை எழுதுவதற்கு எனக்குப் பதின்மூன்று நாள் ஆயிற்று. வேறு யாரையாவது விட்டு எழுதச் சொல்லலாம் என்று பார்த்தேன். செய்தவன் நான், எழுதவும் நான்தான் வேண்டும்.

தெருவில் பதினாலு பேர் வந்தார்கள். உன் அக்கா முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். புதுச் சேலை. பென்னாகரம் வரை ரோடு குண்டும் குழியும். ஒவ்வொரு குழிக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு, "பட்டை தாங்குதுங்களா?" என்று கேட்டாள். "உன் தம்பி ஜவாப் சொல்லியிருக்கான்ல?" என்றேன். பிறகு பயம் போய்விட்டது அவளுக்கு. வழியில் நடந்து போகிறவர்களைப் பார்த்துக் கையாட்டினாள்.

இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் முனியப்பனுக்குத் தேங்காய் உடைக்க எல்லா வண்டியும் நிற்கும். நானும் நிறுத்தினேன். மாட்டு வண்டிக்காரன் அந்த இடத்தில் தேங்காய் மட்டும் உடைக்க மாட்டான். உனக்குத் தெரியும், நீயும் என் வண்டியில் எத்தனை ஆடிக்கு வந்திருக்கிறாய். ஏற்றத்தில் ஆட்களை முன்னால் வரச் சொல்லுவோம், இறக்கத்தில் பின்னால் போகச் சொல்லுவோம். இறக்கத்தில் பாரம் முன்னால் சாய்ந்து மாட்டின் கழுத்தை நசுக்கும். நானும் அப்படியே எல்லாரையும் அந்தக் கடைசி மூன்று அடிக்கு நகரச் சொன்னேன். அடுப்பைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். உன் அக்காவையும் பின்னால் போகச் சொன்னேன்.

"நான் இங்கயே இருக்கறனுங்க, அங்க பொகையா இருக்குது" என்றாள்.

"எறக்கத்துல கழுத்துப் பாரம் ஆவாது சென்னம்மா. கொஞ்ச நேரந்தான். கீழ போனதும் முன்னால வந்துக்கலாம்" என்றேன்.

அவள் இறங்கினாள். இறங்கி நின்று வண்டியின் மூக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இதுக்கு ஏதுங்க கழுத்து?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன். அவள் போய்ப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

இரண்டாவது வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். திரும்பியது. ஒற்றை விரலில் திரும்பியது. வண்டி நேராகப் போயிற்று. பிரேக்கை மிதித்ததும் பின்பக்கம் சுழன்று பாறையில் மோதியது. அவள் ஓரத்தில் நின்றிருந்தாள். மற்றவர்களுக்குக் கை, கால் அடி. எதிர் வீட்டுத் தீர்த்தம்மாளுக்குத் தோள் எலும்பு முறிந்திருக்கிறது. உயிர் போனது ஒருத்திக்குத்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

காவேரிக்கரைக்கு அவளைக் கொண்டுபோகவில்லை. அங்கிருந்தே திருப்பிக் கொண்டுவந்து இங்கே அடக்கம் செய்தோம். வண்டியை மேலே இழுக்கப் பென்னாகரத்திலிருந்து நாலு ஜோடி மாடு வந்தது. சென்னப்பன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "பட்டை ஒண்ணுகூட ஒடையலீங்க" என்றார். அவர் அதைச் சொன்னபோது எனக்கு எங்காவது ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

நீ 'அக்காவுக்குப் படித்துக் காட்டவும்' என்று எழுதியிருந்ததை அவளைப் புதைத்த இடத்தில் போய்ப் படித்தேன். பைத்தியக்காரத்தனம்தான். உன் பழைய கடிதம் அவள் சுருக்குப் பையிலேயே இருந்தது. அதை எடுக்காமல் அவளோடேயே வைத்துவிட்டேன்.

ஊரில் யாரும் என்னைத் திட்டவில்லை. போலீசார்கூட எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். தீர்த்தம்மாள் தோளில் கட்டோடு வந்து எனக்குக் களி கிண்டி வைக்கிறாள். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. லீவு கேட்டுக்கொண்டு வா, மாப்பிள்ளை. வந்து என்னைச் செருப்பால் அடி. உன்னை ஆறு வயதிலிருந்து வளர்த்தவளை நான் கொன்றிருக்கிறேன். நீயாவது கேட்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் அவள் இரண்டு வரி சொல்லுவாள். பழக்கத்தில் காகிதத்தில் இடம் விட்டுவிட்டேன்.

மாது


ராணுவ மோட்டார் பட்டறை
11-10-1943

மாமாவுக்கு,

கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. லீவு கேட்டேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். இப்போது கப்பல் இல்லை, சண்டை முடிந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவை தந்தி கொடுக்க அனுமதி கொடுத்தார்கள். யாருக்கு என்ன என்று கொடுப்பது? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வந்தாலும் உங்களை அடிக்க என்னால் முடியாது. உங்கள் பேரில் கோபம் வரவேண்டும் என்று நாலு நாள் முயன்று பார்த்தேன். வந்தது, நிற்கவில்லை. நானூறு வண்டிக்குப் பட்டை சேர்த்தவன் நான். எவ்வளவு ஏற்றலாம் என்று எழுதினேன். எங்கே ஏற்ற வேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை. இங்கே அதை யாருக்கும் சொல்ல வேண்டியிருப்பதில்லை. நீங்கள் மாட்டை விற்றாலும் மாட்டை நினைத்துக்கொண்டுதான் ஓட்டுவீர்கள் என்று, உங்கள் வண்டியிலேயே வளர்ந்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நேற்று ஆபீசர் ஒரு வண்டியைக் காட்டி, இன்னும் கால் டன் ஏற்றினால் தாங்குமா என்று கேட்டார். நான் முன்பக்கம் போய்க் குனிந்து, முன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உடம்பு சரியில்லை என்று நினைத்து, போய்ப் படுத்துக்கொள்ளச் சொன்னார். படுத்துக்கொண்டு உங்களுடைய பொங்கல் கடிதத்தை எடுத்துப் படித்தேன்.

அதில் நீங்கள் கேட்டிருப்பது, பத்து மூட்டை ஏற்ற வழி. அதற்கு நான் பதில் எழுதிவிட்டேன். அக்கா கேட்டது வேறு, மாமா. அதில் ஏறினால் உயிரோடு இறங்கலாமா என்று கேட்டிருக்கிறாள். பட்டை உடையாது என்று எழுதியிருக்கிறேன். அவள் கேட்டதற்கு நான் பதிலே எழுதவில்லை.

பச்சியப்பன்